கண்ணாடி தின்னும் தண்ணீர்

சென்ற வாரம் பக்கத்து வீட்டுக்காரர் முழங்கால் வலிக்காகச் சுடுதண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நலம் விசாரிக்கப் போன நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். சூடேறிய ரப்பரின் வாசனை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கருகல். "உள்ள வாங்க அம்மணி, ஏன் நின்னுட்டீங்க?" என்றார். செருப்பைக் கழற்றுகிறவள்போல் குனிந்து கண்ணை மூடி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பது வருடங்களுக்கு முன்னால் ஓடும் ஜீப்பில் ஒரு மனிதனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணிய எண்ணிக்கை அது. பதினைந்து வந்த பிறகுதான் உள்ளே காலெடுத்து வைக்க முடிந்தது.

கண்ணாடி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களே, உங்களில் சிலர் என்னை வந்து பேசச் சொன்னீர்கள். பேச வராது, எழுதித் தருகிறேன் என்றேன். மெழுகை எவ்வளவு சூட்டில் ஊற்றுவது, ஊசியை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, இதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டாலும் கை கற்றுக்கொள்ளும். நான் எழுதுவது கை கற்றுக்கொள்ளாத ஒன்றைப் பற்றி. பயத்தை எந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்வது என்பதைப் பற்றி.

நீங்கள் இப்போது குழாயைப் பிதுக்கிப் பசையைத் தடவுகிறீர்கள், கால்மணி நேரத்தில் கழுவுகிறீர்கள், கண்ணாடியில் பனி படர்ந்ததுபோலப் பூ நிற்கிறது. எங்களுக்குக் குழாய் இல்லை, கேன் இருந்தது. கண்ணாடி முழுக்கத் தேன்மெழுகும் தாரும் கலந்து பூசுவோம். அந்தக் கறுப்பில் ஊசியால் கோடு இழுத்துப் படம் வரைவோம். கோடு விழுந்த இடத்தில் மட்டும் கண்ணாடி வெளியே தெரியும். ஓரத்தைச் சுற்றி விரலளவு உயரத்துக்கு மெழுகுச் சுவர் எழுப்புவோம். பிறகு கேனைத் திறந்து உள்ளே ஊற்றுவோம். தண்ணீர் மாதிரிதான் இருக்கும். தண்ணீர் மாதிரியே அசையும். கோடு இருக்கும் இடமெல்லாம் கண்ணாடியைத் தின்னத் தொடங்கும். தின்னும்போது சின்னச் சின்னக் குமிழியும் வெள்ளைச் சேறும் கோட்டில் படியும். அதை ஒரு கோழி இறகால் மெல்ல வருடி நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கோடு மேடுபள்ளமாகிவிடும். பயங்கரத்தை இறகால் வருடுகிற தொழில் இது. அப்போது எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் வைக்க முடியாது. புட்டியையே தின்றுவிடும். அதனால் பிளாஸ்டிக் கேன். கேனில் ஒட்டியிருந்த தாளை பட்டறைக்கு வந்த அன்றைக்கே எங்கள் முதலாளி கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார். ஊட்டியில் இருந்த பட்டறைகளிலேயே எங்கள் பட்டறை வேலைதான் ஆழமாக விழும் என்று பெயர். எந்த ஆசிட், எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தண்ணீர் கலக்கிறோம் என்பது வெளியே தெரிந்தால் அந்தப் பெயர் போய்விடும் என்று அவர் நம்பினார். எங்களுக்குள் அது 'வெள்ளை'. "வெள்ளைய எடு", "வெள்ளைய மூடு". வெளியாள் யாராவது கேட்டால் 'பேட்டரி ஆசிட்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லியே எனக்குப் பழகிவிட்டது. வணக்கம் சொல்வதுபோல வாயில் தானாக வரும்.

ஆனால் எனக்கு அதன் பெயர் தெரியும். ஒரு தடவை சுரண்டுகிற வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார். சுரண்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். நான் படித்ததை அவர் பார்த்தார். திட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, "கோகிலா, இது மத்த ஆசிட் மாதிரி தோலச் சுடாது. தோலத் தாண்டி உள்ள போயி எலும்பத் தேடும். வலிக்கிறதுக்கு நேரமாகும், வலிச்சா நேரமாயிருச்சுன்னு அர்த்தம். மத்தவங்ககிட்டச் சொல்லீராத, பயந்து ஓடிப்போயிருவாங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்தேன். ஒருவர் நம்மிடம் ரகசியத்தை ஒப்படைக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு பெருமை ஏறுகிறது. அந்தப் பெருமையைக் கவனமாகப் பாருங்கள். அது விஷம்.

பட்டறையில் படம் வரைகிற கை நாயகம் அண்ணனுடையது. செல்வநாயகம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக மலைக்கு வந்த குடும்பம். கறுத்த மெழுகின்மேல் ஊசியை வைத்தால் கையைத் தூக்காமல் ஒரு முழுப் பெரணி இலையை இழுத்துவிடுவார், நரம்போடு. நான் மெழுகு பூசுகிறவள், கழுவுகிறவள், கையுறை காய வைக்கிறவள். எனக்கு ஊசி பிடிக்கக் கொடுப்பதற்குள் ஆயிரம் கேலி. "இது என்னா புள்ள, இலையா? கம்பளிப்பூச்சி தின்னுட்டு மிச்சம் வச்சது மாதிரி இருக்கு."

"அப்பிடீன்னா அந்தக் கம்பளிப்பூச்சியும் நீங்களே வரஞ்சிருங்கண்ணா."

"வரஞ்சா ஒன்னய மாதிரி இருக்கும். வேணாம்."

இப்படித்தான் நாள் போகும்.

அந்த வருடம் மார்கழியில் எமரால்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் வேலை வந்தது. உணவறைக் கதவின் நான்கு கண்ணாடிகளிலும் பெரணியும் காட்டுப்பூவும் செதுக்க வேண்டும். பழைய, கனமான கண்ணாடி. மலை வளைவுகளில் வண்டியில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோக மேனேஜர் சம்மதிக்கவில்லை. அங்கேயே வந்து செய்யுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் முடியுங்கள், கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்றார். நானும் நாயகம் அண்ணனும் கேனோடு போய்ச் சேர்ந்தோம். பங்களாவுக்குப் பின்னால் குதிரை இல்லாத பழைய லாயம் ஒன்று. இரண்டு பக்கமும் திறப்பு, ஆவி தங்காது. அதில் பலகை போட்டுக் கண்ணாடிகளைப் படுக்க வைத்தோம்.

புதன்கிழமைக்குள் இரண்டு கண்ணாடி முடிந்தது. வியாழன் காலை எழுந்து பார்த்தால் புல்வெளி முழுக்க வெள்ளை. உறைபனி. தேயிலைச் செடிகள் கருகினதுபோல் நின்றன. வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் ஏடு. கையுறையைத் தொட்டால் பலகை மாதிரி விறைத்திருக்கிறது, விரல் உள்ளே நுழையாது. அதற்குப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கரியடுப்புக்கு மேலே கம்பி கட்டிக் கையுறையைத் தொங்கவிடுவோம். பத்து நிமிடத்தில் இளகிவிடும். போட்டுக்கொண்டால் கதகதவென்று யாரோ கையைப் பிடித்துக்கொண்டது மாதிரி இருக்கும். எல்லோருக்கும் அது பிடிக்கும். இரண்டு வருடமாக அதைச் செய்தவள் நான். தினம் சூடு காட்டினால் ரப்பர் நைந்துபோகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குளிர் அப்படி. குளிருக்கு முன்னால் அறிவு வேலை செய்யாது.

அன்று லாயத்திலும் அப்படியே அடுப்பு மூட்டிக் கம்பி கட்டித் தொங்கவிட்டேன், சூடு கொஞ்சம் கூடிவிட்டது. வாசனை வந்ததும்தான் எடுத்தேன்.

"வெந்திருச்சா? உப்புப் போட்டுத் தின்னுறவா?" என்று கேட்டுக்கொண்டே நாயகம் அண்ணன் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்கு மூன்றாவது கண்ணாடியில் வெள்ளையை ஊற்றினோம். அவர் இறகால் வருடினார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். பன்னிரண்டுக்கு வடித்து, ஆசிட்டை முறிக்கச் சோடா உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றி, கழுவி முடித்தோம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது பெரணி ஒவ்வொரு நரம்பாகக் கண்ணாடிக்குள் இறங்கியிருந்தது. "இது எங் கையிதானா?" என்று அவரே கேட்டார்.

சாப்பிட்ட பிறகு நான்காவது கண்ணாடிக்கு மெழுகு பூசினேன். அவர் ஊசியை எடுத்தார், கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"விரலு ரெண்டும் மரத்துப் போச்சு புள்ள. கட்ட மாதிரி இருக்கு."

"குளிருங்கண்ணா. எனக்குந்தான் கை கையா இல்ல."

பங்களா சமையல்காரர் கொடுத்தனுப்பிய பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் டம்ளரின்மேல் அழுத்தி அழுத்தி எடுத்தார். மலையில் மார்கழி மாதத்தில் விரல் மரத்துப்போவது ஒரு செய்தியா? எங்கள் எல்லோருக்கும் விரல் நுனி வலிக்கும், சிவக்கும், அடுப்பில் காட்டினால் ஊசி குத்தும். சமவெளியில் இதே விபத்து நடந்திருந்தால் ஒருவேளை சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்கள். எங்களுக்குக் குளிரின் வலியும் அந்தத் தண்ணீரின் வலியும் ஒரே முகத்தோடு வந்தன.

இரண்டரை மணிக்கு அவர் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டார். பேச்சை நிறுத்திவிட்டார். நாயகம் அண்ணன் கேலி பேசாமல் கால்மணி நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதிதான் என்னை முதலில் தொட்டது. கையுறையைக் காய வைக்கிற சாக்கில் எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் பின்னால் போனேன். வலது கையுறையின் வாயைச் சுருட்டிப் பிடித்து, பலூன் மாதிரி ஊதினேன். காதருகே வைத்தேன்.

ஆள்காட்டி விரலிலிருந்து காற்று வந்தது. ஒரு நூல் அளவு. கன்னத்தில் பட்டது.

அழுத்திப் பார்த்தேன். விரல் மடிப்பில் தலைமுடி போல ஒரு வெடிப்பு. பக்கத்து விரலிலும் ஒன்று. நான் காய்ச்சிய ரப்பர். பங்களாவுக்குள் சுவர்க் கடிகாரம் மணி அடித்தது. மூன்று.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எந்தத் தண்ணீர், எங்கே நுழைந்தது, எதைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறது, எல்லாம். எலும்பு. எனக்கு மட்டுமே தெரிந்த அந்தப் பெயர் நாக்கு வரை வந்தது. நீங்கள் நினைப்பீர்கள், இப்போது ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள் என்று. நான் கையுறையை உதறிக் கம்பியில் மாட்டினேன். திரும்பிப் போய், "கையக் கொஞ்சம் சோடாத் தண்ணியில வச்சிருங்கண்ணா, எதுக்கும் ஆகட்டும்" என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது. அதுதான் இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துகிறது, அந்தச் சாதாரணக் குரல்.

ஏன் சொல்லவில்லை? எத்தனையோ வருடம் இதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டேன். முதலாளி கோபிப்பார் என்று பயம். கேனுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது, பட்டறையை மூடிவிடுவார்கள் என்று பயம். கையுறையைக் காய்ச்சியது நான்தான் என்று தெரிந்துவிடும் என்ற பயம். இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டினாலும் ஒரு மனிதனின் கைக்கு ஈடாகுமா? ஆகாது. ஆனால் பயம் தராசு பிடிப்பதில்லை. பக்கத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு ஆசை: விரலில் ஒன்றுமே தெரியவில்லையே, சிவப்புகூட இல்லையே, ஒருவேளை குளிராகவே இருக்கலாமே. எத்தனை பேரை அந்த 'ஒருவேளை' முடமாக்கியிருக்கும்.

மூன்றேமுக்காலுக்கு அவர் எழுந்து நின்றார். நின்று, லாயத்துத் தூணில் நெற்றியை முட்டினார். மெதுவாக. மறுபடியும்.

"புள்ள, உள்ளுக்குள்ள யாரோ திருகாணி போடுறான்" என்றார். வேர்த்திருந்தது. அந்தக் குளிரில்.

மேனேஜரின் ஜீப் ஊட்டிக்குப் போயிருந்தது. அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டுக்கு இறங்கினேன். மூடுபனி ஏறிவிட்டது. முட்டைக்கோஸ் ஏற்றிவந்த ஒரு லாரி நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்து, "ஏனுங்க, சண்டையா?" என்றார். "கைல ஆசிட்டுங்க" என்றேன். அவர் குந்தாப் பக்கத்து மின்சாரத் திட்ட முகாமுக்கே கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு டிஸ்பென்சரி உண்டு.

மணி நாலரை. டாக்டர் கீழே பவர் ஹவுஸ் முகாமுக்குப் போயிருந்தார். கூடலூர்ப் பக்கத்து மலையாள நர்ஸ் சிஸ்டர் ஒருவர் இருந்தார். அண்ணனின் கையை விளக்கடியில் விரித்தார். விரல் நுனி கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.

"எந்தா இது? ஒண்ணும் காணலையே. என்ன ஆசிட் மோளே?"

"பேட்டரி ஆசிட்டுங்க சிஸ்டர்."

வந்துவிட்டது. வணக்கம் மாதிரி.

நாயகம் அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்கு அதன் பெயர் தெரியாது. பட்டறை சொல்லச் சொன்னதை நான் சொல்கிறேன் என்று மட்டும் தெரியும். அவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியாது. தன் கையைத் தின்றுகொண்டிருந்த தண்ணீரின் பொய்ப்பெயருக்கு அவரே சாட்சி சொன்னார்.

சிஸ்டர் கழுவினார். மாத்திரை கொடுத்தார். பேட்டரி ஆசிட்டுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்தார். நாயகம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினார். பிறகு கத்தினார். தோளில் சுமை தூக்கி வளர்ந்த மனிதர், தேள் கொட்டியபோதுகூட முனகாதவர், கத்தினார். சிஸ்டர் மறுபடியும் விரலைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த போனை எடுத்தார். திட்டத்துக்கென்றே தனி லைன், பவர் ஹவுஸுக்கு நேராகப் போகும்.

"சார், காயம் ஒண்ணும் இல்ல, ஆனா வேதனை சகிக்க முடியல... அதே சார், பேட்டரி ஆசிட்... அவங்க அப்படியாணு சொல்றது." கேட்டுக்கொண்டே இருந்தவர், ரிசீவரை என்னிடம் நீட்டினார். "டாக்டர் உங்கிட்ட பேசணுமாம்."

கனமான கறுப்பு ரிசீவர். உள்ளே இரைச்சல். இரைச்சலுக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் குரல். கோபமில்லை.

"ஏம்மா, பேட்டரி ஆசிட்னா பட்ட உடனே எரியும், தோல் பொசுங்கும். இதுல ரெண்டும் இல்லேங்கறாங்க. நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"கண்ணாடி வேலைங்க."

"கண்ணாடில என்ன வேலை?"

"பூப் போடறதுங்க."

இரைச்சல். "எதால போடறீங்க?"

என் பின்னால் நாயகம் அண்ணன் சுவரில் காலை உதைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு உதைக்கும் அலமாரியில் மருந்துப் புட்டிகள் கலகலத்தன. கண்ணாடிப் புட்டிகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் கடிகாரம் ஐந்தைக் காட்டியது.

"ஹைட்ரோபுளோரிக் ஆசிட்டுங்க."

அந்தப் பக்கத்துக் குரல் மாறியது. "சிஸ்டர்கிட்ட குடுங்க. சீக்கிரம் குடுங்கம்மா."

கர்ப்பிணிகளுக்கென்று வைத்திருந்த கால்சிய ஊசி மருந்து அந்த டிஸ்பென்சரியில் இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே சிஸ்டர் ஆம்பூல்களை உடைத்தார். களிம்போடு குழைத்து, புதிய ரப்பர் கையுறை ஒன்றில் நிரப்பி, அண்ணனின் கையை அதற்குள் நுழைத்தார். கையுறையைப் பார்த்ததும் நான் பின்வாங்கிச் சுவரில் இடித்துக்கொண்டேன். விரல்களைச் சுற்றி ஊசியும் போட்டார். "டாக்டர் சொல்றார், அந்த ஆசிட் ரத்தத்துல இருக்கற கால்சியத்தையும் எடுத்துரும், ஹார்ட் நின்னுபோகலாம். நாடியப் பிடிச்சுட்டே போங்க. விட்டுவிட்டு அடிச்சா வண்டிய நிறுத்திச் சொல்லணும்" என்றார். முகாம் ஜீப்பில் எங்களோடு அவரும் ஏறி முன்னால் உட்கார்ந்தார், மடியில் மருந்துப் பெட்டி.

ஊட்டி வரைக்கும் பனி. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஓரக்கல்லைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். நான் நாயகம் அண்ணனின் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். பதினைந்து எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. ஒவ்வொரு வளைவிலும் துடிப்பு எங்கோ வழுக்கிப் போகும், பிறகு கட்டைவிரலுக்கடியில் திரும்பி வரும். பாதி வழியில் அவர் கண்ணைத் திறந்து, "கொறயுது புள்ள" என்றார். வலியைச் சொல்கிறாரா உயிரைச் சொல்கிறாரா என்று தெரியாமல் நான் சிஸ்டரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். வலியைத்தான் சொன்னார்.

உயிர் தங்கியது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. ஆள்காட்டி விரலில் ஒன்றரைக் கணு, நடு விரலில் ஒரு கணு எடுத்துவிட்டார்கள். ஊசி பிடிக்கிற விரல்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கமுடியாதது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர், "சரியான நேரத்துல பேரைச் சொன்னீங்க, இல்லேன்னா ஆள் இல்ல" என்றார். முதலாளி வந்தார். வெள்ளையின் பெயரை வெளியே சொன்னதற்குத் திட்டுவார் என்று நின்றேன். அவர் என் தலையில் கை வைத்து, "நீ தைரியமா சொன்ன ஆத்தா. எனக்கு அந்தத் தைரியம் இருந்திருக்காது" என்று அழுதார். எப்போது புரிந்தது என்று யார் கேட்டாலும், டாக்டர் போனில் கேட்டபோதுதான் பொறி தட்டியது என்று சொன்னேன். கேட்டவர்கள் நம்பினார்கள். எத்தனை சுலபமாக நம்பினார்கள். நானும் பாதி நம்பத் தொடங்கிவிட்டேன்.

பட்டறைக்குத் திரும்பிய அன்று கேனில் சிவப்பு எனாமலால் பெரிதாகப் பெயரை எழுதினேன். கரியடுப்புக்கு மேலிருந்த கம்பியை அறுத்தேன். அதன் பிறகு நான் இருந்த காலம் முழுக்க, வேலை முடிந்ததும் ஒவ்வொருவர் கையையும் விரித்துப் பார்ப்பேன், கையுறையை ஊதிப் பார்ப்பேன், மரத்துப்போகிறது என்று யார் சொன்னாலும் அதைக் குளிர் என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன். எனக்குக் கிறுக்கு என்று பெயர் வந்தது. வரட்டும். உங்கள் குழாய்ப் பசைக்குள்ளும் அதே குடும்பத்து உப்புதான் இருக்கிறது. தாளைக் கிழிக்காதீர்கள். படியுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இதெல்லாம் செய்யக்கூடியவை, செய்துவிடலாம். மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கிடந்த அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது? ஊசியை நானே பிடிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு பெரணியிலும் அந்த இரண்டு மணி நேரம் நரம்பாக ஓடியது. முதலாளி, "நாயகத்தோட கையே ஒனக்கு வந்திருச்சு" என்றார். அன்று சாப்பிடவில்லை.

அந்த மார்கழி கழிந்து தை பிறந்த பிறகு நாயகம் அண்ணன் தேவாலாவில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். அங்கே எஸ்டேட்டில் இலை நிறுக்கிற இடத்தில் வேலை சொல்லியிருந்தார்கள். ஊட்டி பஸ் நிலையத்தில் கூடலூர் பஸ் புறப்பட நின்றது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜமுக்காளம். வலது கையைக் கம்பளிக்குள் வைத்திருந்தார்.

"அங்க இலைய நிறுத்தாப் போதும், வரைய வேண்டியதில்ல" என்று சிரித்தார். "நீ வாரமொருக்கா கம்பளிப்பூச்சி வரஞ்சு அனுப்பு."

கண்டக்டர் விசில் ஊதினார். அவர் படியில் ஏறிவிட்டார். நான் ஜன்னலோரம் ஓடி, அவர் இடம் பிடித்து உட்காரும் வரை நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"அண்ணா, போன்ல கேட்டப்பத்தான் தெரிஞ்சுதுன்னு நான் சொன்னது பொய்யுங்க."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "எப்ப தெரியும் ஒனக்கு?"

"மூணு மணிக்கு. கையுறைய ஊதிப் பாத்தனுங்க. ஓட்டையா இருந்துச்சு. அப்பவே எல்லாந் தெரியுமுங்க."

பஸ் உறுமியது. கம்பளிக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். என்னைச் சுட்டிக்காட்டிக் குறைசொல்வதற்கு என்று நினைத்தேன். அவர் ஜன்னல் கம்பியில் இருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார், பஸ் நகர்ந்தால் சிக்கிக்கொள்ளுமே என்று. குட்டை விரல்கள் என் விரல்மேல் பட்டன. புதுத்தோல், வழவழப்பு. நான் நடுங்கினேன். அவர் அதைப் பார்த்தார்.

"இத வேற யாருகிட்டயும் சொல்லாத புள்ள" என்றார். "ஒன்னோட நின்னு வேல செய்யப் பயப்படுவாங்க."